பிறர் களஞ்சியம் விழுந்தால் நம் பில்டை எப்படி நிமிர்த்துவது: வழிகளும் என் தேர்வும்

ஒரு வெள்ளிக்கிழமை மாலை. கடைகளில் ரசீது போடும் ஆண்ட்ராய்டு செயலி ஒன்றில் மூன்று வரித் திருத்தம் வெளியே போக வேண்டியிருந்தது. வரிக் கணக்கில் பைசாவை முழுமையாக்கும் இடத்தில் ஒரு பிழை; மறுநாள் காலை கடை திறப்பதற்குள் போயே ஆக வேண்டும். என் மடிக்கணினியில் பில்டு (நிரலைச் செயலியாகத் தொகுக்கும் வேலை) சிக்கலில்லாமல் முடிந்தது. மாற்றங்களைத் தானாகத் தொகுத்துச் சோதிக்கும் சிஐ சர்வரில் சிவப்பு, அதாவது தோல்வி. பிழைச் செய்தியின் முதல் வரியில் கூகுளின் ஆண்ட்ராய்டுஎக்ஸ் லைப்ரரி (ஆயத்த நிரல் தொகுப்பு) ஒன்றின் பெயர் இருந்ததால் அரை மணி நேரம் அதன் பின்னால் அலைந்தேன். இரண்டாவது வரியில் இருந்த முகவரியைக் கவனித்த பிறகுதான் புரிந்தது. கேட்கப்பட்ட பொருள் ஆண்ட்ராய்டுஎக்ஸ். கேட்ட இடமோ, புளூடூத் ரசீது பிரிண்டர் தயாரிக்கும் ஒரு நிறுவனத்தின் சொந்த மேவன் களஞ்சியம், அதாவது லைப்ரரிகளைப் பதிவிறக்கத் தரும் சர்வர். அந்த சர்வரின் டிஎல்எஸ் சான்றிதழ் (பாதுகாப்பான இணைப்புக்கான அடையாளச் சான்று) அன்று மதியம் காலாவதியாகியிருந்தது. உதவி மின்னஞ்சலுக்கு எழுதினேன். திங்கள்கிழமை பார்ப்போம் என்று தானியங்கிப் பதில் வந்தது.

அன்றிரவு என் முன் ஆறேழு வழிகள் இருந்தன. பலவற்றை வெவ்வேறு திட்டங்களில் முன்பே செய்து பார்த்திருக்கிறேன். எது எப்போது பொருந்தும், எது பிறகு கழுத்தைப் பிடிக்கும் என்பதை இங்கே எழுதி வைக்கிறேன். உதாரணங்கள் ஜாவா, ஆண்ட்ராய்டு பில்டுக் கருவிகளான கிரேடில், மேவன் உலகிலிருந்து வருகின்றன. ஜாவாஸ்கிரிப்டின் என்பிஎம், கோ மொழி, ரஸ்டின் கார்கோ பயன்படுத்துவோருக்கும் பெரும்பாலானவை பொருந்தும்.

முதலில் ஒரு கேள்வி. களஞ்சியத்தை ஒரு கடை என்று வைத்துக்கொள்வோம். கடை இன்று பூட்டியிருக்கிறதா, கடையையே காலி செய்துவிட்டார்களா, அல்லது கடை திறந்திருந்தும் சரக்கு மாறிவிட்டதா? மூன்றும் நம் திரையில் ஒரே சிவப்பாகத்தான் தெரியும். ஆனால் வைத்தியம் வேறு வேறு. பூட்டிய கடைக்கு லைப்ரரியையே மாற்றுவது வீண் உழைப்பு. காலி செய்த கடையின் வாசலில் காத்திருப்பதோ அதைவிட வீண்.

காத்திருப்பதும் கேஷும்

பூட்டிய கடை என்றால் காத்திருப்பதும் ஒரு நேர்மையான வழிதான். அன்றைக்கு வெளியீடு எதுவும் இல்லையென்றால் நான் அதைத்தான் செய்திருப்பேன்.

வெளியீடு இருந்தால், முன்பு பதிவிறக்கியவற்றின் உள்ளூர்ப் பிரதியான கேஷைக் கொண்டு அன்றிரவை ஓட்டிவிடலாம். என் மடிக்கணினியில் பில்டு ஓடியதே அதனால்தான்: எல்லாப் பதிப்பு எண்களும் நிலையாக எழுதப்பட்டிருந்தன, எல்லாக் கோப்புகளும் கேஷில் இருந்தன, எனவே கிரேடில் வலையைத் தொடவே இல்லை. கிரேடில் 6.1 முதல் இந்தக் கேஷை இன்னொரு கணினிக்கு நகலெடுத்துக் கொண்டுபோகலாம். பூட்டுக் கோப்புகளையும் (.lock) gc.properties கோப்பையும் மட்டும் விட்டுவிட வேண்டும். சிஐ கணினியில் அதை வைத்து ஆஃப்லைன் முறையில் பில்டு செய்தால் அன்றைய வேலை முடிந்துவிடும்.

ஆனால் கேஷைக் காப்பகம் என்று நினைத்துவிடக் கூடாது. 30 நாள் தொடாத கோப்புகளை கிரேடில் தானாகவே நீக்கிவிடும். கிட்ஹப் ஆக்‌ஷன்ஸ் என்ற சிஐ சேவையின் கேஷ் 7 நாள் தொடப்படாவிட்டால் போய்விடும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை மட்டும் பில்டு ஆகும் பழைய செயலிக்கு, தேவைப்படும் நாளில் கேஷ் இருக்காது.

அப்புறம், அவசரத்தில் கைபோகும் இன்னொரு வழியும் உண்டு. சான்றிதழ்ச் சரிபார்ப்பை அணைப்பது, அல்லது முகவரியை மறையாக்கம் இல்லாத எச்டிடிபிக்கு மாற்றிவிட்டு கிரேடிலிடம் பாதுகாப்பற்ற இணைப்பை அனுமதி என்று சொல்வது. இதைச் செய்யாதீர்கள். அந்த இணைப்பின் வழியில் யார் வேண்டுமானாலும் கோப்பை மாற்றி வைக்கலாம். அது நேராக வாடிக்கையாளர் கையில் இருக்கும் செயலிக்குள் போகும். 2020 ஜனவரியில், மேவன் உலகின் முக்கியப் பொதுக் களஞ்சியமான மேவன் சென்ட்ரல் எச்டிடிபி கோரிக்கைகளுக்குப் பதிலளிப்பதையே நிறுத்தியது இந்தக் காரணத்துக்காகத்தான்.

யாரிடம் எதைக் கேட்பது என்று வேலி போடுவது

இதை மாற்று வழி என்றே பலரும் எண்ணுவதில்லை. என் அனுபவத்தில் இதுதான் செலவு குறைவான, பலன் அதிகமான வேலை.

கிரேடில் ஒரு லைப்ரரியைத் தேடும்போது, களஞ்சியங்கள் எழுதப்பட்ட வரிசையில் ஒவ்வொன்றாகக் கேட்கும். 'என்னிடம் இல்லை' என்று 404 வந்தால் அடுத்ததற்குப் போகும். ஆனால் நேரம் கடந்துவிட்டாலோ, 500 வகைப் பிழை வந்தாலோ, டிஎல்எஸ் தோற்றாலோ அடுத்ததற்குப் போகாது, அங்கேயே நின்றுவிடும். இது குறையல்ல, யோசித்துச் செய்தது. ஒரு சர்வர் விழுந்த நேரத்தில் அதே பெயரில் வேறு களஞ்சியத்திலிருக்கும் வேறு கோப்பு அமைதியாக உள்ளே வந்துவிடக் கூடாது அல்லவா?

இதன் விளைவைப் பாருங்கள். பிரிண்டர் நிறுவனத்தின் கையேட்டில் சொன்னபடி அவர்கள் களஞ்சியத்தை யாரோ முதல் வரியில் சேர்த்திருந்தார்கள். எனவே கூகுளின் லைப்ரரி, கோட்லின் லைப்ரரி, எல்லாவற்றுக்கும் முதலில் அந்தச் சிறு சர்வரின் கதவைத் தட்டிக்கொண்டிருந்தோம். எங்களுக்கு வேண்டியதோ அங்கிருந்து ஒரே ஒரு கோப்பு.

கிரேடில் 5.1 முதல் ஒரு களஞ்சியத்துக்கு 'இந்தக் குழுப் பெயரை மட்டும் இங்கே தேடு' என்று சொல்லலாம் (குழுப் பெயர் என்பது லைப்ரரியை வெளியிட்டவரைக் குறிக்கும் முதல் பகுதி). 6.2 முதல் 'எக்ஸ்க்ளூசிவ் கன்டென்ட்' என்ற அமைப்பு வந்தது. அது ஒரு படி மேலே போய், 'இந்தக் குழுவை வேறெங்கும் தேடாதே' என்றும் சொல்கிறது. இந்த இரண்டாவது பாதிதான் முக்கியம்.

ஏன் என்பதற்கு 2022 நவம்பர் 4 நல்ல சாட்சி. அன்று, ஜாவாஸ்கிரிப்டில் செயலி எழுத உதவும் ரியாக்ட் நேட்டிவைப் பயன்படுத்திய ஆண்ட்ராய்டு பில்டுகள் உலகம் முழுக்க உடைந்தன. எந்த சர்வரும் விழவில்லை, எந்தக் கோப்பும் காணாமல் போகவில்லை. அதுவரை ரியாக்ட் நேட்டிவின் ஆண்ட்ராய்டு கோப்புகள், என்பிஎம் பதிவிறக்கி வைக்கும் நோட் மாட்யூல்ஸ் கோப்புறைக்குள்ளிருந்தே எடுக்கப்பட்டன. திட்டங்களில் பதிப்பு எண்ணுக்குப் பதில் கூட்டல் குறி இருந்தது, அதாவது 'கிடைப்பதில் புதியது'. அன்று 0.71-இன் முதல் வெளியீட்டு மாதிரி மேவன் சென்ட்ரலில் ஏறியது. கூட்டல் குறி எல்லாக் களஞ்சியங்களையும் பார்த்து அந்தப் புதியதை எடுத்துக்கொண்டது. பழைய பதிப்புக்கு எழுதிய செயலிக்குள் புதிய பதிப்பு வந்து விழுந்தது. ரியாக்ட் நேட்டிவ் குழுவினர் உடனடியாகச் சொன்ன தற்காலிகத் தீர்வுகளில் ஒன்று இதே எக்ஸ்க்ளூசிவ் கன்டென்ட் வேலிதான். பிறகு 0.63 முதலான பழைய வரிசைகளுக்குத் தனித் திருத்தப் பதிப்புகளை வெளியிட்டார்கள். சரக்கு மாறிய கடை என்று நான் சொன்னது இந்த வகை.

வேலியால் அன்றிரவு என் பிரச்சினை முழுதாகத் தீர்ந்திருக்காது, பிரிண்டர் கோப்பு இன்னும் வேண்டுமே. ஆனால் உடைந்த இடம் எது என்று முதல் நிமிடமே தெரிந்திருக்கும். பில்டும் வேகமாகும்: தேவையில்லாத கதவுகளைத் தட்டும் நேரம் மிச்சம்.

முகவரியை மாற்றுவது

கடையைக் காலி செய்தவர்கள் விஷயத்தில் இதுதான் முதல் முயற்சி. ஒருகாலத்தில் ஆண்ட்ராய்டு லைப்ரரிகளுக்கு முக்கியக் களஞ்சியமாக இருந்த ஜேசென்டரின் கதை ஆண்ட்ராய்டு எழுதுவோர் பலருக்கும் நினைவிருக்கும். 2021 பிப்ரவரி 3 அன்று ஜேஃப்ராக் நிறுவனம், லைப்ரரிகளை வெளியிடும் சேவையான பின்ட்ரே, ஜேசென்டர் இரண்டையும் மூடப்போவதாக அறிவித்தது. மே 1-இல் பின்ட்ரே மூடப்பட்டது. ஜேசென்டரில் இருப்பதைப் பதிவிறக்க முதலில் 2022 பிப்ரவரி வரை கெடு சொன்னார்கள். பிறகு, காலவரையின்றிப் படிக்க மட்டும் திறந்திருக்கும் என்று மாற்றினார்கள். அந்த ஒரு வார்த்தையை நம்பிப் பலர் நகராமல் இருந்துவிட்டார்கள். 2024 ஆகஸ்ட் 15 முதல் ஜேசென்டருக்கு வரும் கோரிக்கைகள் மேவன் சென்ட்ரலுக்குத் திருப்பிவிடப்பட்டன. சென்ட்ரலிலும் இருந்த லைப்ரரிகள் கிடைத்தன. ஜேசென்டரில் மட்டும் இருந்தவை கிடைக்கவில்லை.

இத்தகைய லைப்ரரிகளில் உயிரோடு இருப்பவை பெரும்பாலும் புதிய பெயரில் சென்ட்ரலில் இருக்கும். பெயரே மாறுவதால்தான் தேடுவது கடினம்: காம்.கிட்ஹப் என்று தொடங்கும் குழுப் பெயர்களைப் புதிதாகப் பதிவு செய்ய 2021 முதல் சென்ட்ரல் அனுமதிப்பதில்லை, ஐஓ.கிட்ஹப் என்றுதான் தொடங்க வேண்டும். எனவே பழைய பெயரைத் தேடி 'இல்லை' என்று முடிவுகட்டிவிட வேண்டாம். அந்த லைப்ரரியின் கிட் ரெப்போவில் (நிரலும் அதன் மாற்ற வரலாறும் இருக்கும் இடம்) ரீட்மீ என்ற விளக்கக் கோப்பைப் பாருங்கள்.

இதில் ஒரு பொறி உண்டு. நீங்கள் புதிய பெயருக்கு மாறினாலும், உங்கள் இன்னொரு லைப்ரரி பழைய பெயரையே உள்ளுக்குள் கேட்டுக்கொண்டிருக்கலாம். கிரேடிலுக்கு அவை இரண்டும் வேறு வேறு பொருள்கள். இரண்டும் உள்ளே வந்தால், ஒரே கிளாஸ் (நிரல் பகுதி) இரண்டு முறை இருக்கிறது என்று பில்டு முறியும். 'பழைய பெயரைக் கேட்டால் புதியதைக் கொடு' என்ற மாற்று விதியை ஒருமுறை எழுதிவிட்டால் சரியாகிவிடும். கோ மொழியின் ரீபிளேஸ், என்பிஎம்மின் ஓவர்ரைட்ஸ், கார்கோவின் பேட்ச் எல்லாம் இதே குடும்பம்.

சென்ட்ரலுக்கு மாற முடிந்தால் மாறிவிடுங்கள் என்றுதான் சொல்வேன். அங்கே ஏறியதை மாற்றவோ நீக்கவோ முடியாது என்பது அவர்கள் கொள்கை. என்பிஎம் இந்தப் பாடத்தை 2016 மார்ச்சில் கற்றது. லெஃப்ட்பேட் என்ற 11 வரி நிரலை எழுதியவரே நீக்கியதும், பேபல் என்ற கருவி முதலான எத்தனையோ பில்டுகள் நின்றன; சில மணி நேரத்தில் நிறுவனமே அதை மீட்டு வைத்தது. நீக்குவதற்கான விதிகளும் அதன் பிறகுதான் இறுகின.

கோப்பை நம் திட்டத்துக்குள்ளேயே வைப்பது

அன்றிரவு நான் எடுத்த வழி இது. என் கேஷில் இருந்த பிரிண்டர் எஸ்டிகேயின் (பிரிண்டரை இயக்க அந்த நிறுவனம் தரும் லைப்ரரி) ஏஏஆர் கோப்பையும், அதற்கு வேண்டிய மற்ற லைப்ரரிகளைப் பட்டியலிடும் பாம் கோப்பையும் எடுத்து, செயலியின் கிட் ரெப்போவுக்குள் ஒரு கோப்புறையில் வைத்து, அதையே ஒரு மேவன் களஞ்சியமாகக் காட்டினேன். இருபது நிமிடம் ஆனது.

இதைச் செய்ய இரண்டு விதம் உண்டு, இரண்டும் சமமல்ல. கோப்பை லிப்ஸ் கோப்புறையில் போட்டு நேரடியாகச் சேர்ப்பது, அல்லது கிரேடிலின் ஃபிளாட்டிர் அமைப்பு வழியாகக் காட்டுவது எளிது. ஆனால் அப்போது பாம் கோப்பு படிக்கப்படாது. அந்த எஸ்டிகே தனக்கு வேண்டும் என்று கேட்கும் மற்ற லைப்ரரிகள் வராது. பில்டு பச்சையாகிவிடும், செயலி ஓடும், பிரிண்டர் பொத்தானை அழுத்தியதும் 'கிளாஸ் காணவில்லை' என்று விழும். அது கடையில், வாடிக்கையாளர் முன்னால் நடக்கும். எனவே சற்று நேரமெடுத்தாலும் குழு, பெயர், பதிப்பு என்ற மேவன் கோப்புறை அடுக்கை முறையாக அமைத்து, பாம் கோப்பையும் சேர்த்தே வையுங்கள். அப்படி வைத்தால், எஸ்டிகேயைக் கேட்கும் வரியில் ஒரு எழுத்தைக்கூட மாற்ற வேண்டாம். வேலியை மட்டும் புதிய கோப்புறைக்குத் திருப்பினால் போதும்.

கேஷிலிருந்து எடுப்பதில் ஒரு வசதி இருக்கிறது. கிரேடில் ஒவ்வொரு கோப்பையும் அதன் ஷா1 எண்ணையே (உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும் கைரேகை போன்ற எண்) பெயராகக் கொண்ட கோப்புறைக்குள் வைக்கிறது (எண்ணின் முன்னால் சுழியம் இருந்தால் அது மட்டும் விடுபட்டிருக்கும்). நகலெடுத்த கோப்பின் ஷா1 அந்தப் பெயரோடு பொருந்துகிறதா என்று பார்த்துவிடலாம். குழுவில் இன்னொருவர் கணினியிலும் அதே எண் இருக்கிறதா என்று கேட்டேன், இருந்தது.

குறைகளையும் சொல்ல வேண்டும். கிட்டில் வைத்த பைனரி வரலாற்றிலிருந்து எளிதில் போகாது. ஒவ்வொரு பதிப்பு மாறும்போதும் ரெப்போ கனக்கும். கிட்ஹப் 100 எம்பிக்கு மேற்பட்ட கோப்பை ஏற்காது. உரிமம் பார்க்க வேண்டும்: பிறருக்கு வழங்கக் கூடாது என்று சொல்லும் எஸ்டிகேயைப் பொது ரெப்போவில் வைத்தால் தவறு நம்முடையதாகிவிடும். எல்லாவற்றையும்விடப் பெரிய குறை, மறதி. உள்ளே வைத்த கோப்புக்குப் புதிய பதிப்பு வந்தால் நமக்குத் தானாகத் தெரியாது. 2021 டிசம்பரில் லாக்4ஜே என்ற ஜாவா லைப்ரரியின் பாதுகாப்பு ஓட்டை வெளிவந்தபோது, டிபென்டென்சிப் பட்டியலில் (திட்டம் கேட்கும் லைப்ரரிகளின் பட்டியல்) அதன் பெயர் இருந்தவர்கள் ஒரு வரியை மாற்றி முடித்தார்கள். எங்கோ ஒரு கோப்புறையில் அதை ஜார் என்ற தொகுப்புக் கோப்பாக வைத்திருந்தவர்கள் வட்டு வட்டாகத் தேடினார்கள். ஆகவே ஒன்றிரண்டு கோப்புகளுக்குத்தான் இந்த வழி. இருபது லைப்ரரிக்கு இதைச் செய்தால் நம்மையறியாமல் ஒரு களஞ்சியம் நடத்தத் தொடங்கிவிடுவோம், அதற்குரிய கருவிகள் இல்லாமலே.

ஃபோர்க்

மூல நிரல் திறந்திருந்தால் அதை நமக்கென நகலெடுத்து, அதாவது ஃபோர்க் செய்து, நாமே பில்டு செய்யலாம். ஜிட்பேக் சேவை கிட் ரெப்போவின் டேகிலிருந்தே (பதிப்புக் குறியிலிருந்தே) கோப்பைத் தயாரித்துத் தருவதால் பலர் அதற்குப் போகிறார்கள். எனக்கு அதில் தயக்கம் உண்டு. பில்டு அங்கே அவர்கள் சர்வரில் நடக்கிறது. பழைய திட்டங்கள் எதிர்பார்க்கும் ஜேடிகே (ஜாவாக் கருவித் தொகுப்பு) பதிப்பைத் தனியாக எழுதித் தரவேண்டி வரும். அந்தப் பழைய திட்டத்தின் பில்டு கோப்பே ஜேசென்டரைக் கேட்டு நிற்கும். எல்லாம் சரியானாலும், விழுந்த ஒரு வெளிச் சர்வருக்குப் பதில் விழக்கூடிய இன்னொரு வெளிச் சர்வர்தான் கிடைக்கிறது.

நிரலில் நமக்கு ஒரு திருத்தம் வேண்டும் என்றால் மட்டும் ஃபோர்க் நியாயம். அப்போதும் இன்க்ளூட் பில்டு என்ற கிரேடில் வழியைப் பார்க்கலாம்: அந்த நிரலைப் பக்கத்துக் கோப்புறையில் வைத்தால், அதே பெயரில் கேட்கப்படும் டிபென்டென்சிக்குப் பதில் அதுவே பொருந்திக்கொள்ளும். திருத்திச் சோதிக்க மிகவும் வசதி. ஆனால் ஃபோர்க் செய்த நாளிலிருந்து அதன் பாதுகாப்புத் திருத்தங்களுக்கும் நாமே பொறுப்பு. அதை யார் பார்ப்பார் என்று பெயர் சொல்ல முடியாவிட்டால் தொடங்காதீர்கள்.

நமக்கென்று ஒரு ப்ராக்ஸி

நடுவில் நிற்கும் சர்வருக்கான மென்பொருள்கள் இவை: நெக்ஸஸ், ஆர்ட்டிஃபேக்டரி, சிறிய அளவில் ரெப்போசிலைட். நம் பில்டுகள் இதை மட்டும் கேட்கும், இது வெளியே கேட்டு ஒரு பிரதியை வைத்துக்கொள்ளும். ஐந்தாறு திட்டங்கள், பத்துப் பேர் என்று வளர்ந்த குழுவுக்கு இதுவே சரியான இடம். அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் பிரச்சினை வந்த இரவில் நிறுவிப் பயனில்லை. ப்ராக்ஸி தன்னிடம் ஒருமுறையாவது கேட்கப்பட்டதை மட்டுமே வைத்திருக்கும். கடை பூட்டிய பிறகு வாங்கி வைக்க முடியாது.

நடத்துவோர் அறிய வேண்டிய ஒன்று: ப்ராக்ஸி 'இல்லை' என்ற பதிலையும் நினைவில் வைக்கும். நெக்ஸஸில் அதன் இயல்பு அளவு 1440 நிமிடம், ஒரு முழு நாள். வெளிக் களஞ்சியம் சரியான பிறகும் நம் பில்டு தோற்றுக்கொண்டே இருந்தால், அந்த நினைவை அழித்துப் பாருங்கள். அப்புறம், வட்டு நிரம்புவது, பிரதி எடுப்பது, நம் ப்ராக்ஸியின் சான்றிதழே காலாவதியாவது, எல்லாம் இனி நம் வேலை. மூன்று பேர் கொண்ட குழுவுக்கு நான் இதைப் பரிந்துரைப்பதில்லை.

லைப்ரரியையே கைவிடுவது

லெஃப்ட்பேட் அளவு சிறிதென்றால் நாமே எழுதிவிடலாம். பிரிண்டர் எஸ்டிகே போன்றதற்கு அது மாதக்கணக்கில் இழுக்கும் வேலை. வெள்ளிக்கிழமை இரவில் எடுக்கும் முடிவல்ல.

அன்றிரவு பத்தரை மணிக்கு பில்டு பச்சையானது. கோப்பு உள்ளே, எக்ஸ்க்ளூசிவ் கன்டென்ட் வேலி அதைச் சுற்றி. அந்த நிறுவனத்தின் குழுப் பெயரை வேறெங்கும் தேட வேண்டாம் என்று சொல்லியாயிற்று. கூடவே கிரேடிலின் டிபென்டென்சி சரிபார்ப்பையும் இயக்கினேன். எல்லா லைப்ரரிகளின் ஷா256 எண்களும் (இன்னொரு வகைக் கைரேகை) ஒரு எக்ஸ்எம்எல் கோப்பில் பதிந்தன; இனி எண் மாறினால் பில்டு நிற்கும். இதில் ஒரு எச்சரிக்கை உண்டு: பதியும் நேரத்தில் கையில் இருக்கும் கோப்பைத்தான் அது நம்பும். ஏற்கெனவே கெட்டுப்போனதைப் பதிந்தால் கெட்டதைத்தான் காக்கும்.

செவ்வாய்க்கிழமை அவர்கள் சான்றிதழைப் புதுப்பித்தார்கள். உள்ளே வைத்த கோப்பை நீக்கிவிட்டுப் பழையபடி அவர்கள் சர்வருக்கே போய்விடலாம் என்று கிட்டில் ஒரு தனிக் கிளையில் முயன்றேன். பில்டு நின்றது. அதே பெயர், அதே பதிப்பு எண், ஆனால் ஷா256 வேறு. கேட்டதற்கு, சர்வரை மாற்றும்போது பழைய பதிப்புகளை மறுபடியும் பில்டு செய்து ஏற்றியதாகச் சொன்னார்கள். கெட்ட எண்ணம் எதுவும் இருந்ததாகத் தோன்றவில்லை. ஆனாலும் நாங்கள் சோதித்த கோப்பு அதுவல்ல.

அந்தக் கிளையை அழித்துவிட்டேன். எஸ்டிகே இன்றும் எங்கள் ரெப்போவுக்குள்தான் இருக்கிறது. அதன் பக்கத்தில் ஒரு ரீட்மீ: கோப்பு எந்த முகவரியிலிருந்து, எந்தத் தேதியில் வந்தது, ஷா256 என்ன, உரிமத்தில் எந்தப் பத்தி இதை அனுமதிக்கிறது, புதிய பதிப்பு வந்திருக்கிறதா என்று காலாண்டுக்கு ஒருமுறை பார்க்க வேண்டியவர் யார். கடைசி வரியில் நீக்கும் நிபந்தனை: இந்த எஸ்டிகே மேவன் சென்ட்ரலில் வெளியாகும் நாளில் இந்தக் கோப்புறையை அழிக்கலாம்.